இன்ஜின் கிளம்பாதபோது முதலில் எடுக்க வேண்டியது மல்டிமீட்டரா, ஸ்கேனரா?

சாவியைத் திருப்பியும் காரின் இன்ஜின் கிளம்பவில்லை என்றால், இன்று பலருடைய கை முதலில், காரின் கணினியில் உள்ளதைப் படிக்கும் ஸ்கேனரைத்தான் தேடுகிறது. வோல்ட்டையும் ஓமையும் அளக்கும் மல்டிமீட்டரை எடுப்பவர்கள் குறைந்துவிட்டனர். எது சிறந்தது என்பது ஒரே ஒரு கேள்வியைப் பொறுத்தது: செல்ஃப் மோட்டார் இன்ஜினைச் சுற்றுகிறதா, இல்லையா?

சுற்றவில்லை என்றால் மல்டிமீட்டரே என் தேர்வு. ஸ்கேனர் காட்டுவது காரின் கணினிக்குத் தெரிந்ததை மட்டுமே. பேட்டரிக்கும் செல்ஃபுக்கும் இடையே செல்லும் தடித்த கேபிளையும் எர்த் இணைப்பையும் பெரும்பாலான கார்களில் எந்த சென்சாரும் கண்காணிப்பதில்லை என்பதால், அங்கே துரு ஏறியிருந்தாலும் கணினியில் எந்தக் கோடும் (கோளாறைக் குறிக்கும் குறியீடு) பதிவாகாது. நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தால் சார்ஜ் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. ஆனால் ஓய்வில் எடுக்கும் அளவை மட்டும் நம்புவது தவறு. சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனால், பேட்டரி தளர்ந்திருக்கிறது அல்லது செல்ஃப் அளவுக்கு மீறி மின்னோட்டத்தை இழுக்கிறது.

பேட்டரி தாங்குகிறது, ஆனால் செல்ஃப் முனகி நிற்கிறது என்றால், வோல்டேஜ் இழப்புச் சோதனையைச் செய்ய வேண்டும். கியரை நியூட்ரலில் வைத்து, கைபிரேக் போட்டபின், மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலும் மறுமுனையைச் செல்ஃபின் பெரிய போல்ட்டிலும் வைத்து, வேறொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பாதையில் தடை இருக்கிறது. பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையே 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. இதையே ஓம் அளவில் பார்க்க முயல்பவர்கள் ஏமாறுவார்கள். 0.01 ஓம் தடையைச் சாதாரண மீட்டரால் நம்பகமாகக் காட்ட முடியாது; ஆனால் 150 ஆம்பியர் பாயும்போது அந்தச் சிறு தடையே 1.5 வோல்ட்டை விழுங்கிவிடும்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் நிலைமை தலைகீழாகிறது. இங்கே ஸ்கேனர் மீட்டரை எளிதில் வெல்கிறது. அதன் மதிப்பு கோடுகளில் இருப்பதைவிட நேரடித் தரவில், அதாவது சென்சார்கள் அந்த நொடியில் அனுப்பும் அளவுகளில், அதிகம் இருக்கிறது. இன்ஜின் சுற்றும்போது ஆர்பிஎம் 200-ஐ ஒட்டிக் காட்டினால், இன்ஜினின் சுழற்சியை உணரும் கிராங்க் சென்சாரின் சிக்னல் வருகிறது; பூஜ்யத்திலேயே நின்றால் சந்தேகம் அந்த சென்சார் மீதும் அதன் வயரிங் மீதும் விழ வேண்டும். கூலன்ட் வெப்பநிலை மைனஸ் 40 என்று காட்டினால் அந்த சென்சாரின் வயர் அறுந்திருக்கலாம். கடுங்குளிர் என்று கணினி நம்பி, தேவைக்கு மேல் பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருக்கலாம். திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் சாவியை ஏற்கவில்லை என்பதையும் ஸ்கேனர் விரைவாகச் சொல்லும்.

ஆனாலும் பி0335 என்ற கோடு, கிராங்க் சென்சாரை மாற்றச் சொல்லும் உத்தரவன்று. அது அந்த சர்க்யூட்டில் கோளாறு என்று மட்டுமே சொல்கிறது; சென்சாரா, கனெக்டரா, வயரா என்று பிரித்தறிய மீண்டும் மீட்டர்தான் வேண்டும். வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் அறுந்ததை இரண்டு கருவிகளையும்விடக் காது முன்னதாகச் சொல்லிவிடும்: பெல்ட் அறுந்ததால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படுவது) இல்லாத இன்ஜின் வழக்கத்தைவிட வேகமாக, ஒரே சீரான ஒலியுடன் சுழலும். அப்படிக் கேட்டால் உடனே சாவியை விட்டுவிட வேண்டும். தொடர்ந்து சுற்றினால் சில இன்ஜின்களில் பிஸ்டன் வால்வுகளை வளைத்துவிடும்.

ஊகத்தில் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது மூன்றாவது வழி. அதில் நான் ஏற்பது ஒன்றுதான்: ஹாரனின் ரிலேயில் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) செல்ஃப் ரிலேயின் அதே பாக எண் இருந்தால், அதைச் செல்ஃப் ரிலேயின் இடத்தில் செருகிப் பார்க்கலாம். அதற்குச் செலவும் இல்லை, ஒரு நிமிடத்தில் பழையபடி மாற்றியும் விடலாம்.