அரை அங்குல போல்ட்டும் அது போகும் துளையும்

மரத்தில் கட்டிய பரணுக்கு ஏற, நாடாவால் மரத்தோடு கட்டும் ஸ்டிக் என்ற ஏணித் துண்டுகளை வாங்கலாமா, மரத்தில் துளை போட்டு போல்ட்டைப் படியாகச் செருகலாமா என்று வில் வேட்டைக்குப் போகும் நண்பர் கேட்டிருக்கிறார். பல சீசனாக போல்ட்டில்தான் ஏறுகிறேன் என்றாலும் ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை.

முதலில் சட்டம். அமெரிக்காவில் சொந்த நிலத்திலோ, நிலக்காரர் சம்மதித்த மரத்திலோ மட்டும் செய்கிற வேலை இது. மிச்சிகனில் பொது நிலத்து மரத்தின் பட்டையைத் துளைக்கிற ஏறுசாதனம் எதற்கும் அனுமதி கிடையாது. வேறு பல மாநிலங்களிலும் இதே கதைதான். அங்கெல்லாம் ஸ்டிக்தான், பேச்சுக்கே இடமில்லை.

போல்ட்டைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அரை அங்குல விட்டம், ஆறு அங்குல நீளம், வலுவின் தரம் கிரேட் 8. தலையில் ஆறு கோடு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மூன்று கோடு இருந்தால் கிரேட் 5. கோடே இல்லாததைக் காலுக்குக் கீழே நம்ப வேண்டாம். எடையைக் குறைக்க 3/8 அங்குலத்துக்கு இறங்குகிறவர்களிடம் ஒரு கணக்கு மட்டும் சொல்வேன். வளையாமல் தாங்கும் வலு, விட்டத்தின் மூன்றாம் அடுக்கோடு ஏறி இறங்கும். அதனால் அரை அங்குல போல்ட், 3/8-ஐப் போல ஏறக்குறைய 2.4 மடங்கு தாங்கும். 100 கிலோ ஆள் மரத்திலிருந்து 3 அங்குலம் தள்ளி மிதித்தால், கிரேட் 8 ஆகவே இருந்தாலும் 3/8 போல்ட் வளைந்து நிற்கும் எல்லையைத் தொட்டுவிடுகிறது. பன்னிரண்டு போல்ட்டுக்கு மிச்சமாவது சுமார் ஒரு கிலோ. அதற்காக இந்த ஆபத்து தேவையே இல்லை.

என் கோபமெல்லாம் துளை மேல்தான். போல்ட் அப்படியே இருக்கும், துளை இருக்காது.

துளை போடக் கையால் சுற்றும் பிரேஸும் அதில் மாட்டுகிற, ஆகர் பிட் என்ற திருகு அலகும் போதும். நுனித் திருகு மரத்தைக் கவ்வித் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டைக்குள் 3 அங்குலம் போக வேண்டும், பட்டை கணக்கில் சேராது. ஓக் மாதிரி தடித்த பட்டை உள்ள மரத்தில் பட்டையே ஒரு அங்குலம் விழுங்கிவிட்டால், வெளியே கால் வைக்க 2 அங்குலம்தான் மிஞ்சும். அந்த மரத்துக்கு 7 அங்குல போல்ட் வாங்குவதே சரி. துளையின் உள்முனை சற்றே கீழே சரிந்திருக்கட்டும், 5 டிகிரி போதும். அப்போதுதான் கால் வெளிப்பக்கம் வழுக்காது. பச்சை மரத்தில் சீவல் ஈரமாகப் பிட்டில் அடைத்துக்கொள்ளும். அடிக்கடி வெளியே எடுத்துத் தட்டிவிடுங்கள். அடைத்த பிட்டை அசைத்து அசைத்துப் பிடுங்கினால் வாய் முட்டை வடிவமாகிவிடும், போல்ட் ஆடும். ஆடும் துளையை ஆப்பு வைத்துச் சரிசெய்ய வேண்டாம். அதை விட்டுவிட்டு நாலு அங்குலம் தள்ளிப் புதிதாகப் போடுங்கள்.

படிக்குப் படி 18 அங்குலம், இடமும் வலமுமாக. 18 அடி உயரத்துக்குப் பன்னிரண்டு. பரணுக்கு மாறும் இடத்தில் மட்டும் இரண்டை ஒரே மட்டத்தில் போட்டால் இரு காலும் ஊன்றி நிற்கலாம்.

இவ்வளவு பார்த்துப் பார்த்துப் போட்ட துளைக்குள் அடுத்த வருடம் போல்ட் நுழையாது. காயத்தைச் சுற்றி மரம் புதுத் தசை வளர்த்து வாயை மூடிக்கொண்டே வரும். உள்ளே பழைய அளவு அப்படியே இருக்க, முதல் அங்குலம் மட்டும் இறுகிப் போயிருக்கும். சீசனுக்கு முன்பே, பகலில், அதே பிட்டால் ஒவ்வொரு துளையையும் கையால் சுத்தம் செய்தாக வேண்டும். பைன் என்றால் பிசின் வேறு. பாப்லர் போன்ற மெத்தென்ற கட்டையில் நேர் எதிர்: மிதிக்க மிதிக்கக் கீழ்உதடு நசுங்கித் துளை தளர்ந்துவிடும்.

குளிரில் துளைக்குள் இருக்கும் ஈரம் உறைந்து போல்ட்டைப் பிடித்துக்கொள்வது இன்னொரு தொல்லை. அதுவும் இருட்டில், இறங்கும்போதுதான் தெரியவரும். பக்கவாட்டில் ஆட்டிப் பிடுங்கினால் சட்டென்று விடுபட்டு உடம்பு பின்னால் சாயும். தலையில் 3/4 அங்குல ஸ்பேனர் போட்டுத் திருப்பி, பிறகு நேராக இழுங்கள். ஸ்பேனரை இடுப்பில் கயிறு கட்டி வையுங்கள். போல்ட் நுனியில் இருக்கும் ஒன்றேகால் அங்குலத் திருகுமரை, கட்டையின் நாரைக் கவ்விக்கொள்வதுதான் பாதிப் பிரச்சினை. அதைக் கிரைண்டரில் தேய்த்து மழுக்கி, நுனியை உருட்டிவிட்டால் வித்தியாசம் கையிலேயே தெரியும்.

மரத்தின் பக்கமும் பேச வேண்டும். மேப்பிள் பாகு எடுக்கிறவர்கள் ஒரு மரத்தில் வருடத்துக்கு ஒன்றிரண்டு சிறு துளை போடுவார்கள், இரண்டு அங்குல ஆழத்துக்கு மேல் போவதில்லை. நாம் பன்னிரண்டு துளையை அதைவிட ஆழமாகப் போடுகிறோம், ஆறாமல் வருடாவருடம் கிளறவும் செய்கிறோம். உள்சரிவு காலுக்கு நல்லது, ஆனால் மழைநீரும் அந்த வழியாகத்தான் இறங்கும். மரம் காயத்தைச் சுற்றித் தடுப்புச் சுவர் எழுப்பும் என்று அமெரிக்க மர ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ 1970களிலேயே விளக்கிவிட்டார், ஆனால் மறுபடி குடைந்தால் அந்தச் சுவரும் உடையும். வெள்ளை ஓக், கறுப்பு வால்நட், செர்ரி மரங்களில் அதிக விலை போவது அடிக்கட்டை. நம் துளை விழுவதும் அங்கேதான். நிலக்காரரிடம் இதைச் சொல்லாமல் சம்மதம் வாங்குவது ஏமாற்று வேலை. பட்டுப்போன மரத்தில் ஏறவே கூடாது. பூச்சி தின்ற ஆஷ் மரம் சொல்லாமல் முறியும்.

இடுப்பையும் மரத்தையும் சுற்றிப் பிடிக்கும் லைன்மேன் பெல்ட் தரையிலேயே மாட்டப்பட வேண்டும், கடைசி போல்ட்டைக் கழற்றும் வரை கழற்றக் கூடாது.  சறுக்கினால் விழும் வழியெல்லாம் இரும்பு நீட்டிக்கொண்டிருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். துளை சுத்தமாக இருக்கும் நாளில் இதற்கு ஈடு கிடையாது. ஸ்டிக்கில் வரும் பக்கிள் சத்தம் இல்லை, நாடா இறுக்கும் வேலை இல்லை. ரப்பர் குழாய் சுற்றிய போல்ட் பையில் உரசினாலும் கேட்காது. ஒவ்வொன்றாகச் செருகி ஏறிப்போனால் பக்கத்துப் புதரில் படுத்திருக்கும் வெள்ளைவால் மான் காதைக்கூடத் திருப்பாது. இறங்கும்போது எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் வேறு யாரும் உங்கள் பரணில் ஏறவும் முடியாது.

நண்பருக்கு என் பதில்: ஸ்டிக் வாங்குங்கள். நான் போல்ட்டை விடப்போவதில்லை, ஆனால் வருடாவருடம் துளை தோண்டும் பொறுமை இல்லாதவருக்கு இதைச் சிபாரிசு செய்ய மனம் வரவில்லை. அப்படியும் போல்ட்தான் என்றால் பன்னிரண்டுக்குப் பதில் பதினான்காக வாங்குங்கள். இருட்டில் சருகுக்குள் விழுந்த போல்ட் கிடைக்காது.