உடல்வாகு பார்த்து பூட்ஸ் விற்கிறார்களாம்: காசு போட முன் கெண்டைக்கால் அளவைக் கேளுங்கள்

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கத்துப் பெண்களைக் குறிவைத்து முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் நடக்கிற ஒரு பூட்ஸ் வியாபாரம் பற்றிய எச்சரிக்கை இது. படிக்கவோ வேலைக்கோ லண்டன், கனடா போகிறவர்கள்தான் முக்கிய இலக்கு. நம்மூர் வெயிலில் பூட்ஸ் போட்டுப் பழகியவர்கள் குறைவு என்பதால், வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லித்தர ஆளில்லை. அதை வைத்துத்தான் விற்பவர்களின் பிழைப்பு.

முதலில் ஒரு படம் வரும்: "உங்கள் உடல்வாகு பேரிக்காயா, அப்பிளா, மணற்கடிகாரமா?" முழு உருவப் போட்டோ ஒன்று அனுப்பச் சொல்வார்கள். அனுப்பினால், "அக்கா, உங்களுக்கு முழங்கால் வரைக்கும் வாறதுதான் எடுப்பா இருக்கும்" என்று பதில் வரும். உயரமான பூட்ஸ்தான் விலை கூடியது. ஆகவே யார் அனுப்பினாலும் பதில் பெரும்பாலும் அதுதான். (பூட்ஸ் வாங்க முகம் தெரியாத பக்கத்துக்கு முழு உருவப் படம் அனுப்பத் தேவையே இல்லை. அந்தப் படம் பிறகு எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியாது.)

களுவாஞ்சிகுடிப் பக்கத்துப் பெண் ஒருவருக்கு நடந்ததைப் பாருங்கள். குள்ளமான உருவம், கெண்டைக்கால் சுற்றளவு 41 சென்டிமீட்டர், சப்பாத்து 38ஆம் எண். கெண்டைக்கால் பெருசு என்று அவர் முன்கூட்டியே சொன்னார். "போடப் போட இழுபடும்" என்றார்கள். கூரியர்காரர் காசு வாங்காமல் பொதியைப் பிரிக்க விடவில்லை. பிரித்தால், பூட்ஸின் வாய்ச் சுற்றளவு (கால் நுழையும் மேல் திறப்பின் சுற்றளவு) 36 சென்டிமீட்டர். சிப் பாதி தூரத்தில் நின்றுவிட்டது. காசு திருப்பித் தரமாட்டோம், பெரிய எண் மாற்றித் தருகிறோம் என்றார்கள். திருப்பி அனுப்பும் கூரியர்ச் செலவும் அவர் தலையில். வந்த 40ஆம் எண்ணிலும் சிப் ஏறவில்லை, போதாததற்குப் பாதம் உள்ளே வழுக்கியது. அதன் பிறகு அந்த முகநூல் பக்கம் அவரைத் தடுத்துவிட்டது (புளொக் செய்துவிட்டது).

பெரிய எண் ஏன் உதவவில்லை? ஐரோப்பிய அளவில் ஒரு எண்ணுக்கும் அடுத்ததற்கும் நீளத்தில் 6.67 மில்லிமீட்டர் வித்தியாசம். இரண்டு எண் கூடினால் பாதத்துக்கு 13 மில்லிமீட்டர் அதிகம், பாதம் நிற்காது. ஆனால் கெண்டைச் சுற்றளவு எண்ணுக்கு எண் சொற்பமாகத்தான் கூடும். 5 சென்டிமீட்டர் குறையை எண்ணை மாற்றி ஒருநாளும் நிரப்ப முடியாது. கெண்டை அகலமாக வெட்டிய பூட்ஸ் தனி வகை. சாதாரண முழங்கால் பூட்ஸின் சுற்றளவு 38ஆம் எண்ணில் 35 முதல் 38 சென்டிமீட்டர் வரை இருக்கும். அகல வகை 40க்கு மேல்.

"இழுபடும்" என்பதும் பொய்தான். நல்ல தோல் கொஞ்சம் இளகும். ஆனால் இந்த விலைக்கு வருவது துணியின் மேல் பிளாஸ்டிக் பூசிய றெக்சின். அடியில் இருக்கிற துணி இழுபடாது, மேல்பூச்சு வெடிக்கும். சப்பாத்துத் தைப்பவரிடம் கொண்டுபோனால் வாயில் ஆங்கில 'வீ' வடிவில் வெட்டி இலாஸ்டிக் வைப்பார். இரண்டு மூன்று சென்டிமீட்டர் கிடைக்கலாம். ஆனால் மலிவு றெக்சினில் ஊசித் துளைகள் நெருங்கினால் தபால் முத்திரை கிழிவது போல் தையல் வரிசையிலேயே கிழிந்துவிடும்.

உடல்வாகுப் படத்தை மறந்துவிட்டு ஒரு அளவு நாடா எடுங்கள். பூட்ஸ் எடுப்பாக இருப்பதும் அசிங்கமாக இருப்பதும் இரண்டு விடயத்தில்தான் பெரும்பாலும் தங்கியிருக்கிறது: மேல் விளிம்பு காலின் எந்த இடத்தில் முடிகிறது, அந்த இடத்தில் காலுக்கும் பூட்ஸுக்கும் எவ்வளவு இடைவெளி.

கால் வீங்கியிருக்கும் பின்னேரத்தில் அளவுங்கள். கதிரையில் நேராக இருந்து பாதம் இரண்டையும் நிலத்தில் வைத்து, கெண்டையின் ஆகப் பருத்த இடத்தைச் சுற்றி அளக்க வேண்டும். இரண்டு காலும் ஒன்றாக இராது. இரண்டில் பெரிய அளவை எடுங்கள். ஜீன்ஸை உள்ளே விட்டுப் போடுவதென்றால் ஜீன்ஸோடு அளவுங்கள். அதோடு ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் கூட்டினால் உங்களுக்கு வேண்டிய வாய்ச் சுற்றளவு. அடுத்தது உயரம்: வெறுங்காலோடு நிலத்திலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளந்து 3 சென்டிமீட்டர் கழியுங்கள். பூட்ஸின் உள்ளே, பாதம் படும் தட்டிலிருந்து மேல் விளிம்பு வரை உள்ள உயரம் இதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் இருக்கும்போதும் படி இறங்கும்போதும் மடிப்பை உரசிப் புண்ணாக்கும். விற்பவர்கள் உயரம் சொல்லும்போது குதியையும் சேர்த்தா, சேர்க்காமலா என்று கேளுங்கள். வசதிப்படி மாற்றிச் சொல்வார்கள்.

குள்ளமானவர்களுக்கும் கெண்டை பருத்தவர்களுக்கும் ஆகப் பொருந்தாதது கெண்டையின் நடுவில் முடிகிற பூட்ஸ். பருத்த இடத்திலேயே குறுக்குக் கோடு விழுவதால் கால் குட்டையாகவும் தடிப்பாகவும் தெரியும். மலிவுப் பக்கங்களில் இந்த நடுத்தர உயரம்தான் நிறையக் கிடக்கிறது. ஒன்றில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே முடிய வேண்டும், அல்லது கணுக்காலோடு நிற்க வேண்டும். கணுக்கால் பூட்ஸில் முன்விளிம்பு கீழ்நோக்கி 'வீ' வெட்டாக இருந்தால் கால் நீளமாகத் தெரியும். கணுக்காலைச் சுற்றிப் பட்டியும் கொளுக்கியும் இருந்தால் அதே கால் துண்டாகத் தெரியும். லெகின்ஸும் பூட்ஸும் ஒரே நிறமாக இருப்பது இன்னும் உதவும். முனை சற்றுக் கூரானது நல்லது, மொத்தமான வட்ட முனை காலைக் குறுக்கும்.

மெலிந்த காலுக்கு ஏமாற்றம் வேறு விதம். போட்டோவில் பூட்ஸ் காலோடு ஒட்டி இருக்கும். பின்பக்கம் கிளிப் போட்டு இறுக்கி, கமெராவை நிலத்தில் வைத்து எடுத்த படம் அது. நேரில் போட்டால் வாய்ப் பக்கம் நாலு விரல் போகும், நடக்க நடக்கக் கணுக்காலில் சரிந்து விழும். பின்பக்கமாக எடுத்த படமும், நடந்து காட்டும் வீடியோவும் கேளுங்கள். கயிறு கட்டும் வகை, அல்லது சொக்ஸ் போல ஒட்டும் வகை இவர்களுக்குச் சரி. பட்டி, கொளுக்கி, மடிப்பு எல்லாம் இவர்களுக்கு அழகுதான்; காலுக்குக் கொஞ்சம் சதை கொடுத்தது போல இருக்கும்.

இடுப்பும் தொடையும் அகன்றவர்கள் ஊசிக் குதியை விட்டு அகலக் குதி எடுக்கலாம். மேலுடம்பு பருத்துக் கால் மெலிந்தவர்களுக்கு எந்த உயரமும் சேரும், வாய் இறுக்கமாக இருந்தால் சரி.

அபாயா போடுகிறவர்களும் நீளப் பாவாடை உடுத்துகிறவர்களும் முழங்கால் பூட்ஸுக்குக் காசு கொடுப்பது வீண். வெளியே தெரிவது முனையும் குதியும் மட்டும். கணுக்கால் பூட்ஸ் போதும். வெளிப்பக்கக் கொளுக்கியும் சிப் தலையும் உடுப்பின் கரையில் மாட்டிக் கிழிக்கும் என்பதால் உட்பக்கச் சிப்பாகப் பாருங்கள்.

எண்ணிலும் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. நம்மூர்க் கடைகளில் 5, 6, 7 என்பது பிரித்தானிய எண். அமெரிக்கப் பெண்கள் அளவில் 7 என்றால் பிரித்தானிய 5க்குக் கிட்ட. பெட்டியில் 7 என்றிருப்பதைக் காட்டி 7 போடுகிறவருக்கு விற்றுவிடுகிறார்கள். பாத நீளத்தைச் சென்டிமீட்டரில் கேட்பதுதான் பாதுகாப்பு: சீனத் தயாரிப்பில் அதை இரண்டால் பெருக்கிப் பத்தைக் கழித்தால் ஐரோப்பிய எண் வரும், 24 என்றால் 38.

அடுத்தது பழைய இருப்பு. பொலியூரிதேன் என்ற பிளாஸ்டிக்கில் செய்த அடி, காலில் அணியாமல் பெட்டியில் கிடந்தாலும் ஈரப்பதன் பட்டு உள்ளே சிதையும். நம் கரையோர வெக்கையில் அது இன்னும் கெதியாக நடக்கும். பார்க்கப் புதுசு, லண்டன் தெருவில் கொஞ்சத் தூரம் நடக்க அடி துண்டு துண்டாகக் கொட்டும். அடியை நகத்தால் அழுத்துங்கள்: தழும்பு மீளாவிட்டால், பிசுபிசுத்தால், தூள் உதிர்ந்தால் வேண்டாம். றப்பர் அடிக்கு இந்த வியாதி இல்லை, பனியிலும் கூடப் பிடிக்கும். "ஒறிஜினல் லெதர், ஐரோப்பாச் சரக்கு" என்றால் உள்ளே குறியீட்டைத் தேடுங்கள். விரித்த தோலின் உருவம் என்றால் தோல். அதற்குள் சின்ன வைரவடிவம் இருந்தால் மேல்பூச்சுப் பூசிய தோல். வெறும் வைரவடிவம் என்றால் றெக்சின், பிளாஸ்டிக் போன்ற மற்றவை. மேற்பகுதி, உட்பகுதி, அடி மூன்றுக்கும் தனித்தனிக் குறி இருக்கும். அடிக்கு உள்ள தோல் குறியைக் காட்டி முழுவதும் தோல் என்பவர்களும் உண்டு.

காசு கட்ட முன் இதை அப்படியே அனுப்புங்கள்: "இந்த எண்ணில் வாய்ச் சுற்றளவு எத்தனை சென்டிமீட்டர்? உள்ளே தட்டிலிருந்து விளிம்பு வரை உயரம் எத்தனை? உள்நீளம் எத்தனை? நாடா வைத்து அளக்கிற போட்டோ வேணும். அளவு பிழைத்தால் காசு திரும்புமா?" எண்ணுக்குப் பதில் இதயக்குறி வந்தால் அந்தக் கடையை விடுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் விளம்பரத்தையும் உரையாடலையும் பக்கத்தின் பெயர் தெரியும்படி இப்போதே ஸ்கிரீன்ஷொட் எடுங்கள்; தடுக்கப்பட்ட பிறகு அந்தப் பக்கத்தைப் பார்க்க முடியாமல் போகலாம். கூரியர்த் துண்டில் அனுப்பியவரின் தொலைபேசி எண் இருக்கும், அதை வீச வேண்டாம். பிழையான விவரம் சொல்லி விற்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி குற்றம். அந்தச் சபையின் 1977 என்ற தொலைபேசி எண்ணுக்கு அழைத்து விசாரிக்கலாம். ஆனால் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும், அதுவும் வாங்கி மூன்று மாதத்துக்குள். "மாற்றித் தாறம், பொறுங்க அக்கா" என்று அவர்கள் நாளைக் கடத்துவது அந்த மூன்று மாதத்தைத் தாண்டத்தான்.