கதைக்கூறு, அணி கையேடு: பாளைல வாங்கினது, புள்ளையளுக்கு வாங்கிக் குடுக்கலாமா?

எட்டாவது ஒம்பதாவது படிக்கிற புள்ளையளுக்கு வீட்ல தமிழ் டியூஷன் எடுக்கேன். பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் ஒரு புத்தகக் கடைல கதைக்கூறு (பின்னல், முரண், குறியீடு மாதிரி கதையோட உறுப்புக), அணி எல்லாத்தையும் ஒரே கையேடா போட்டிருக்காவ, பாத்ததும் வாங்கிட்டேன். 96 பக்கம், 120 ரூபா. வாங்கலாம், ஆனா ஒரு எடத்துல திருத்திச் சொல்லிக் குடுக்கணும்.

ரொம்பப் புடிச்சது கதைப்பின்னல் பாடம்தான். சம்பவத்தை வரிசையா சொல்லுததுக்கும் பின்னலுக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டா பெரியவங்களே முழிப்பாவ, இதுல 2023 டிசம்பர் வெள்ளத்தை வச்சு சொல்லிருக்காவ. ‘ஆத்துல வெள்ளம் வந்துச்சு, தாத்தா ஊரைக் காலி பண்ணிட்டாரு’ன்னா அது வரிசை. ‘வெள்ளத்துல ஆடெல்லாம் போயிருச்சு, இனி இங்க என்ன இருக்குன்னு தாத்தா மக வீட்டுக்குப் போயிட்டாரு’ன்னா காரணம் உள்ள வந்துருது, அதான் பின்னல். தாமிரபரணிக் கரைப் புள்ளையளுக்கு இதுக்கு மேல விளக்கம் வேண்டாம். முரண்னா ரெண்டு பேரு சண்டைதான்னு நெனச்சிட்டு இருந்த பையன், ‘தாத்தாவுக்குப் போக மனசில்ல, இருக்கவும் வழியில்ல, அதுவும் முரண்தானக்கா’ன்னு அவனே கேட்டான், அகமுரண்ங்கிற பேரை அதுக்கப்புறம்தான் சொன்னேன்.

குறியீட்டுக்கு இடைசெவல் கி.ராஜநாராயணனோட ‘கதவு’ சிறுகதை. தீர்வை, அதான் நிலவரி, கட்டலன்னு வீட்டுக் கதவைத் தூக்கிட்டுப் போயிருவாவ. புள்ளையளுக்கு அந்தக் கதவுதான் பஸ்ஸு, அம்மாவுக்குக் குளிரைத் தடுக்க இருந்த ஒரே மறைப்பு. ஒரே பொருள் ஆளுக்கு ஒண்ணா நிக்கிறதை நல்லா காட்டிருக்காவ.

அணியும் பரவால்ல. மலர்முகம்னா (மலர் மாதிரி முகம்) உவமைத்தொகை, முகமலர்னா (முகமே மலர்) உருவகம், பரீட்சைல புள்ளையள் மாத்தி மாத்தி எழுதுறது இதைத்தான், கட்டம் போட்டுத் தெளிவா குடுத்திருக்காவ. இயல்பா நடக்கிறதுக்குக் கவிஞர் தன் கற்பனையை ஏத்திச் சொல்லுற தற்குறிப்பேற்ற அணிக்கு, காத்துல ஆடுற மதுரைக் கோட்டைக் கொடி கோவலனை வராதேன்னு கைகாட்டுற சிலப்பதிகாரக் காட்சி, கூடவே நம்ம நெல்லையப்பர் ஆனித் தேரு. தேரு முக்குல நிக்கிறது இயல்பு, தெருவை விட்டுப் போக மனசில்லாம நிக்குன்னு சொன்னா அணி. எம்புட்டு அழகு!

குறைன்னா கதைசொல்லி, அதான் கதைக்குள்ள இருந்து கதையைச் சொல்லுற குரல், அந்தப் பகுதி. அரைப் பக்கத்துல முடிச்சிட்டு, ‘நான்’னு வந்தா அது எழுத்தாளரேன்னு வேற போட்டிருக்காவ. அது தப்பு. நாப்பது வயசு எழுத்தாளர் பத்து வயசுப் புள்ளையா ‘நான்’னு பேசலாம், செத்தவன் பேசலாம், ஒரு நாய் கூடப் பேசலாம். இது புரியலன்னா கதைசொல்லி பொய் சொல்லுற கதையை அந்தப் புள்ளை எப்படிப் படிக்கும்? அடுத்த பதிப்புலயாவது கண்டிப்பா மாத்தணும். பாடத்துக்குப் பாடம் ‘இக்கதையின் நீதி’ன்னு கட்டம் போடுறதையும் விட்டுரலாம், எல்லாக் கதையும் புத்தி சொல்லவா எழுதுதாவ.

தாள் கொஞ்சம் மெலிசு, பேனா மை மறுபக்கம் தெரியுது, பென்சில் குடுங்க. யாப்பு (செய்யுள் அமைக்குற இலக்கணம்) இதுல கிடையாது, அதனால பிளஸ் ஒன் புள்ளையளுக்கு இது பத்தாது.