களனி மணலா, மகாவலி வண்டலா?

ஆறு கொண்டுவரும் மண் படிவதைப் பார்க்க இலங்கையில் எந்த ஆற்றின் கரைக்குப் போகலாம், களனிக்கா மகாவலிக்கா? மலைநாட்டில் அட்டன் பக்கம் பெய்யும் மழை இரண்டு கடல்களுக்குப் பிரிந்து போகிறது, மண்ணையும் கூட்டிக்கொண்டு. மஸ்கெலியா ஓயா, கெஹெல்கமு ஓயா என்ற இரண்டு சிற்றாறுகள் சேர்ந்து களனியாகி மேற்கே இறங்குகின்றன. அது கொட்டும் மணலைத் தென்மேற்குப் பருவத்து அலைகள் கரையில் சாய்வாக ஏற்றி, நேராக இழுத்து, மறுபடி ஏற்றி, கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே நகர்த்துகின்றன. நீர்கொழும்புக் களப்பை, அதாவது கடலோர உப்புநீர் ஏரியை, கடலிலிருந்து பிரிக்கும் மணல் திட்டுக்கு இதுதான் தீனி.

கிழக்குக் கரைக்குப் போகும் மகாவலி அப்படியில்லை. 335 கிலோமீட்டர் ஓடி மூதூர்ப் பக்கம் கொட்டியார் குடாவில் சேர்கிறது, அங்கே அலை குறைவு, அதனால் வண்டல் ஆற்றுவாயிலேயே படிகிறது. ஆனால் அந்தக் குடாவை ஒட்டிய திருகோணமலைக் கடலடியில் ஆழமான பள்ளத்தாக்கு ஒன்று இருக்கிறது, அதற்குள் விழுந்தது திரும்பாது.

படிதலைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள நான் நீர்கொழும்பைத்தான் சொல்வேன். களனியில் மணல் அள்ள அள்ள அந்தக் கரை தேய்வதும் அங்கேயே தெரியும்.