ஈய எழுத்தா, கணினி எழுத்தா? திருகோணமலைக் கோவில் விஞ்ஞாபனங்கள்

பழைய மகோற்சவ விஞ்ஞாபனம், அதாவது கோவில் திருவிழாவை அறிவிக்கும் தாள், கிடைத்தால் ‘திருகோணமலை’ என்ற பெயரைப் பாருங்கள். கடைசி ‘லை’யில் யானைத் துதிக்கை போல ஒரு வளைவு லகரத்தோடு ஒட்டியிருக்கும். ஈய அச்சில் அதற்கென்றே ஓர் எழுத்துக் கட்டை. அச்சுக்கோர்ப்பவர் அதைக் கையால் எடுத்து அடுக்குவார். 1978இல் தமிழ்நாடு எழுத்தைச் சீர்திருத்தியது. இன்றைய கணினி எழுத்துருக்களில் அந்தச் சீர்திருத்த வடிவம்தான். எங்கள் ஊர்ப்பெயரின் முகமே மாறிவிட்டது.

இப்போதைய ஓப்செட் அச்சுத் தாள் வேகமானது, வண்ணக் கோபுரப் படமும் உண்டு. சரி. ஆனால் ஊர்ப்பெயரை மாற்றினால் அதே தாள் மட்டக்களப்புக்கும் பொருந்தும். எனக்குப் பழையதே வேண்டும்.

அப்புறம், உபயகாரர் (திருவிழாச் செலவை ஏற்பவர்கள்) பட்டியல். எந்தத் தாளானாலும் நான் முதலில் தேடுவது அதைத்தான்.