எம்.எஸ்., ஆன்லைன் கோர்ஸ், கொல்லைப்புறக் கதவு

ஐந்தாறு வருடம் சி++, பேக்எண்ட் (திரைக்குப் பின்னால் ஓடும் பகுதி) என்று கோடு எழுதியவருக்குத் தானோட்டிக் கார்களின் மெஷின் லேர்னிங் பக்கம் போக ஆசை வந்தால் மூன்று வழிகள் உண்டு.

வேலையை விட்டு எம்.எஸ். படிப்பது ஒன்று. புதிய மெஷின் லேர்னிங் மாடல்களை வடிவமைக்கும் ஆராய்ச்சிக் குழுவில்தான் உட்காருவேன் என்றால் இதுவே சரி. ஆனால் இரண்டு வருடச் சம்பளம் போகும், கடன் வேறு. அதற்குள் துறையே தலைகீழாகலாம். ஃபோர்டும் ஃபோக்ஸ்வேகனும் பணம் போட்ட தானோட்டி நிறுவனம் ஆர்கோ ஏஐ 2022-இல் மூடப்பட்டது. தன் நிறுவனமான க்ரூஸின் ரோபோடாக்ஸிக்கு (ஓட்டுநர் இல்லாத டாக்ஸி) பணம் தருவதை 2024 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுத்திக்கொண்டது.

அடுத்தது ஆன்லைன் கோர்ஸ். ஆன்லைன் படிப்புத் தளமான யுடாசிட்டி 2016-இலேயே இதற்கென்று ஒன்றைத் தொடங்கியது. சான்றிதழை நான் பெரிதாக மதிப்பதில்லை. கையால் செய்த புராஜெக்ட்தான் பேசும். நியூசீன்ஸ் என்ற தானோட்டிக் கார்ப் பதிவுத் தொகுப்பின் சிறிய பதிப்பை இறக்கி, லைடார் (லேசரால் தூரம் அளக்கும் கருவி) தரும் புள்ளிகளைக் கேமராப் படத்தின் மேல் பதித்துப் பாருங்கள். நான் முதலில் செய்தபோது, பக்கவாட்டுக் கேமராவில் புள்ளிகள் கம்பத்தை விட்டு ஒரு முழம் தள்ளி விழுந்தன. புள்ளிகளைப் படத்துக்கு மாற்றும் மேட்ரிக்ஸில் தப்பு என்று ராத்திரி முழுக்க உருட்டினேன். தப்பு நேரத்தில் இருந்தது. லைடார் நொடிக்கு 20 முறை, கேமரா 12 முறை பதிவு செய்கிறது. இரண்டும் ஒரே கணத்தில் விழுவதில்லை. 60 கி.மீ. வேகத்தில் 30 மில்லிநொடிக்குள் வண்டி அரை மீட்டர் போய்விடும். இந்தக் கதையைச் சொன்னால் இன்டர்வியூவில் எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

மூன்றாவது, கொல்லைப்புறம்: டேட்டா பைப்லைன் (பதிவுகளைச் சேர்த்து மாடலுக்குத் தயாராக்குவது), சிமுலேஷன் (கணினிக்குள் ஓட்டிப் பார்ப்பது), மாடலை வண்டியின் சிப்பில் ஓடவைக்கும் குழு. என் ஓட்டு இதற்குத்தான். மலைபோல் குவிந்த பதிவுகளிலிருந்து மழையில் குடையோடு சாலை கடப்பவரை மட்டும் தேடித்தரும் கருவி வேண்டும் என்பார்கள். எழுதுவது பேக்எண்ட் கோடுதான். ஆனால் மாடல் எங்கே சறுக்குகிறது என்பதை மாடல் எழுதியவருக்கு முன்பே நீங்கள் பார்ப்பீர்கள். சம்பளமும் நிற்காது.

இதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. 'டூல்ஸ் ஆள்' என்று முத்திரை குத்தி அங்கேயே உட்காரவைத்துவிடுவார்கள். அதனால் இன்டர்வியூவிலேயே கேட்டுவிடுங்கள்: கடந்த இரண்டு வருடத்தில் இந்தக் குழுவிலிருந்து எத்தனை பேர் மாடல் குழுவுக்கு மாறினார்கள்? பதிலை மழுப்பினால், அந்த ஆஃபரைக் கையில் வைத்துக்கொண்டு வேறு இடம் பாருங்கள்.