முகம், நெரிசல், புதிர்: ராக் இதழ்களின் அட்டைகள் இளையோரை அழைத்த மூன்று வழிகள்

கடையின் அடுக்கில் நிற்கும் ஒரு ராக் இசை இதழுக்கு வாசகரின் பார்வை சில நொடிகள்தான் கிடைக்கிறது. பதினாறு வயது வாசகர் ஒருவர் அதற்குள்ளாகவே அது தமக்கான இதழா, தம் அண்ணனுக்கான இதழா என்று முடிவு செய்துவிடுகிறார். அந்த முடிவைத் தம் பக்கம் திருப்ப வடிவமைப்பாளர்கள் கையாண்ட வழிகளில் மூன்றை இங்கே ஒப்பிடுகிறேன்: அமெரிக்காவின் ரோலிங் ஸ்டோன் வளர்த்தெடுத்த ஒற்றை உருவப்பட அட்டை, பிரிட்டனின் கெராங்! இதழுக்கே உரிய நெரிசலான அட்டை, 1990-களில் ரே கன் வெளியிட்ட, எளிதில் படித்துவிட முடியாத அட்டை. இளைய வாசகரைக் கைநீட்ட வைப்பதில் கெராங்! முறையே வலுவானது என்பது என் கணிப்பு. ஆனால் அதற்குக் காரணம், பலரும் எண்ணுவதுபோல், அதன் இரைச்சல் அன்று.

ரோலிங் ஸ்டோன் 1967-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜான் வென்னராலும் ரால்ஃப் க்ளீசனாலும் தொடங்கப்பட்டது. நவம்பர் 9 தேதியிட்ட முதல் இதழின் அட்டையில், திரைப்படம் ஒன்றுக்காகப் படைவீரர் வேடமிட்ட பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனன் இருந்தார். இதழின் பெயரை வரைந்தவர் ரிக் கிரிஃபின். அந்நகரின் இசை நிகழ்ச்சிகளுக்கு நெளிவுகள் நிறைந்த சைக்கடெலிக் சுவரொட்டிகளை வரைந்து பெயர் பெற்ற ஓவியர். இளைஞர்கள் ஏற்கெனவே தங்கள் அறைச் சுவர்களில் ஒட்டிவைத்திருந்த கலையின் சாயலே இதழின் பெயரெழுத்திலும் இருந்தது. அதற்குக் கீழே வந்த படமோ நாளிதழின் நிதானத்தோடு அமைந்திருந்தது. உங்கள் இசையை நாங்கள் பெரியவர்களின் விஷயத்தைப்போல மதித்து எழுதுகிறோம் என்ற உறுதியை இந்தச் சேர்க்கை தந்தது.

இந்த முறை தன் உச்சத்தைத் தொட்டது 1981 ஜனவரி 22 தேதியிட்ட இதழில். ஆன்னி லீபோவிட்ஸ் 1980 டிசம்பர் 8 அன்று எடுத்த படத்தில், ஆடையின்றி உடலைக் குறுக்கிக்கொண்டு, உடையணிந்து படுத்திருக்கும் தம் மனைவி யோக்கோ ஓனோவை லெனன் தழுவிக் கிடக்கிறார். படம் எடுத்த சில மணி நேரத்தில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அட்டையில் இதழின் பெயரைத் தவிரத் தலைப்பு வரி எதுவும் இல்லை. 2005-இல் அமெரிக்க இதழாசிரியர் சங்கம், முந்தைய நாற்பது ஆண்டுகளின் மிகச் சிறந்த அட்டையாக இதைத் தேர்ந்தெடுத்தது. வடிவமைப்பாளர் எதையும் சேர்க்காமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றதுதான் இங்கே பெரிய திறமை என்பேன்.

ஆனால் இந்த முறைக்கு ஒரு முன்நிபந்தனை உண்டு: அட்டையில் உள்ள முகம் வாசகருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். புதிதாக இசை கேட்கத் தொடங்கிய ஒருவருக்கு, அறிமுகமில்லாத பெரியவர் ஒருவரின் அழகான படம் மூடிய கதவுதான். புகழ் வந்த பிறகே ஒருவருக்கு அட்டை கிடைக்கிறது என்பதால், அந்த இடமே நிறுவனத்தின் முத்திரையாகவும் மாறிவிடுகிறது. 1992 ஏப்ரலில் நிர்வாணா என்ற ராக் குழு அட்டையில் வந்தபோது, அதன் பாடகர் கர்ட் கோபேன், பெருநிறுவன இதழ்கள் இன்னும் மோசமாகவே இருக்கின்றன என்ற பொருள்படக் கையால் எழுதிய டி-சர்ட்டை அணிந்து நின்றார். இதழ் அந்தப் படத்தையே அச்சிட்டது. அட்டைக்கு எதிரான கோபமே இளையோரை அட்டையிடம் இழுக்கும் என்பதை ஆசிரியர் குழு சரியாகவே புரிந்துகொண்டிருந்தது.

கெராங்! 1981 ஜூனில், சவுண்ட்ஸ் என்ற வார இதழின் இணைப்பாகப் பிறந்தது. முதல் அட்டையில் ஏசி/டிசி குழுவின் கிட்டார் கலைஞர் ஆங்கஸ் யங் இடம்பெற்றார். மின்கிட்டாரின் தந்திகளை ஓங்கி அடிக்கும்போது எழும் ஓசையே இதழின் பெயர். அந்தப் பெயரின் தடித்த எழுத்துகள், அதே ஓசை மோதி விரிசல் விட்ட கண்ணாடிபோல வரையப்பட்டிருக்கும். இதழைத் திறக்காமலேயே அதன் ஒலியைக் கண்ணால் கேட்க வைக்கும் இப்படியொரு பெயரெழுத்து வேறெந்த இசை இதழுக்கும் அமைந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இதழ் வாரந்தோறும் வந்துகொண்டிருந்த காலத்தில், பெயருக்குக் கீழே ஒரு பாடகரோ குழுவோ கேமராவை நேராக உற்றுப் பார்த்தபடி நிற்பார்கள். தலை பெயரெழுத்தின் மேல் ஏறி அதில் கொஞ்சத்தை மறைக்கும். மேல் விளிம்பில் ஒரு பட்டையில் வேறு குழுக்களின் பெயர்கள் ஓடும். ஓரங்களில் சிறு படங்கள். ஒரு மூலையில் பளிச்சிடும் வண்ணத்தில், உள்ளே போஸ்டர்கள் இருப்பதைச் சொல்லும் அறிவிப்பு. முதல் பார்வைக்கு இது சந்தைக் கூச்சலாகத் தெரியலாம். அளவுகளை மட்டும் கவனித்தால், உள்ளே ஓர் ஒழுங்கு இருப்பது புலப்படும். தொலைவிலிருந்து பார்ப்பவருக்குப் பெயரும் முகமும், இரண்டடி நெருங்கியவருக்குப் பெரிய தலைப்பு, கையில் எடுத்தவருக்குச் சிறு பெயர்கள் என்று ஒரே அட்டை மூன்று தூரங்களுக்குப் பேசுகிறது. அடுக்கில் இதழ்கள் ஒன்றையொன்று மறைத்து நிற்கும்போது மேற்பகுதியோ இடது ஓரமோதான் கண்ணில் படும் என்பதால், முக்கியமான குழுப் பெயர்களை மேல் பட்டையில் வைப்பது கணக்குப் போட்டுச் செய்த வேலை.

கைச்செலவுப் பணத்தில் இதழ் வாங்குபவருக்கு அந்த நெரிசல் வேறொன்றையும் சொல்கிறது: கொடுக்கும் காசுக்கு உள்ளே நிறைய இருக்கிறது. இலவச இணைப்பின் அருமை எல்லா இதழ்களுக்கும் தெரியும். கெராங்! அதை மூலையில் ஒளிக்காமல், அட்டையின் அழகியலாகவே ஆக்கிக்கொண்டது. ஹெவி மெட்டலோடு ராப் கலந்த நூ-மெட்டல் அலை எழுந்த 2000-களின் தொடக்கத்தில் அது பிரிட்டனில் என்எம்இ என்ற இசை வார இதழை விற்பனையில் முந்தியதற்கு அந்த இசையின் செல்வாக்கே முதல் காரணம் என்றாலும், அந்த வாசகர்களை அடையாளம் கண்டு அழைத்தது இத்தகைய அட்டைதான்.

என்எம்இ-யின் வழி செய்தித்தாளின் வழி. 1995 ஆகஸ்ட் 12 இதழில் பிளர், ஒயேசிஸ் குழுக்களின் பாடல்கள் ஒரே நாளில் வெளியாகவிருந்த போட்டியைக் குத்துச்சண்டைச் சுவரொட்டிபோல அச்சிட்டு, நீ எந்தப் பக்கம் என்று வாசகரையே கேட்பதுபோல நின்றது. பக்கம் சேர விரும்பும் வயதை அறிந்து செய்த அருமையான அட்டை அது. ஆனால் வாரந்தோறும் அப்படி ஒரு போட்டி அமைவதில்லை. 1986-இல் வந்த க்யூ என்ற பிரிட்டிஷ் இசை இதழ், சிவப்புச் சதுரத்தில் ஒற்றை வெள்ளை எழுத்தோடு குறுந்தகடு வாங்கும் வயதினரை நோக்கிப் பேசியது. முதல் அட்டையில், 1960-களிலேயே பீட்டில்ஸ் குழுவில் புகழ்பெற்ற பால் மெக்கார்ட்னி. அது அண்ணனின் இதழ்.

ரே கன் 1992-இல் தொடங்கியது. அதன் கலை இயக்குநர் டேவிட் கார்சன் எழுத்துகளை வெட்டினார், ஒன்றின்மேல் ஒன்று ஏற்றினார், பெயரெழுத்தையே இதழுக்கு இதழ் மாற்றினார். சலிப்பூட்டியதாகத் தாம் கருதிய, பாடகர் பிரையன் ஃபெர்ரியின் நேர்காணல் ஒன்றை, எழுத்துகளுக்குப் பதில் குறியீடுகள் மட்டுமே கொண்ட எழுத்துருவில் அச்சிட்டார். அட்டையும் அதே துணிவோடு வந்தது: புரிந்துகொள்ள முயல்பவன் மட்டும் உள்ளே வா என்றது. வடிவமைப்பு பயின்ற இளைஞர்களுக்கு இதைவிடக் கவர்ச்சியான அழைப்பு வேறில்லை. ஒரு தலைமுறை வடிவமைப்பாளர்கள் இதைப் பார்த்தே வளர்ந்தார்கள். ஆனால் எந்தக் குழுவைப் பற்றி உள்ளே எழுதியிருக்கிறது என்று தேடும் இசை ரசிகருக்கு இந்த அட்டை பதில் தர மறுக்கிறது. பெயரெழுத்து நிலையாக இல்லாததால், சென்ற மாதம் வாங்கியவரே இந்த மாதம் அடுக்கில் அதைத் தேட வேண்டியிருக்கும்.

முகத்தையும் புதிரையும்விட நெரிசலை நான் மேலே வைப்பதற்கான காரணம், கெராங்! அட்டையின் மேல் பட்டையில் ஓடும் அந்தச் சிறு பெயர்களில்தான் இருக்கிறது. முழு அட்டையைப் பெறும் அளவுக்கு இன்னும் வளராத குழு ஒன்று அங்கே நகக்கண் அளவு எழுத்தில் முதன்முதலாக வரும். சில மாதங்களில் அதே பெயர் ஓரத்துச் சிறு படமாக ஏறும். பிறகு ஒருநாள் நடுப்படமாகும். அந்தப் பெயரைப் பட்டையிலேயே கண்டுபிடித்த வாசகருக்கு அந்தக் குழு தம்முடையது. ஒற்றை முகம் மட்டும் நிற்கும் அட்டையில் அந்தச் சிறு பெயருக்கு இடமே கிடையாது.